கல்லாந்துறைப் பூனைச்செடி

ஐப்பசிப் புயலில் அகப்பட்ட மூன்று வள்ளங்களில் ஒன்றுகூடத் திரும்பாமல் எழுபத்திரண்டு நாள் கழிந்து, தேடப் போன கப்பல்காரர்களும் இனித் தேடுவதற்குக் கடலில் இடம் பாக்கி இல்லை என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலையில், கல்லாந்துறை ஜெசிந்தாள் ஐஸ் கம்பெனி வாசலில் போய் நின்று ஒரு சட்டி ஐஸ் வேண்டும் என்று கேட்டாள். மீன் ஏது இவளிடம், ஐஸ் எதற்கு என்று அங்கே இருந்தவனுக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் அந்த மூன்று வள்ளத்து வீட்டுப் பெண்களிடம் எதையும் கேட்காமல் இருப்பதற்கு அதற்குள் அந்தத் துறை முழுக்கப் பழகியிருந்தது. கொடுத்தான். அவள் வீட்டுக்கு வந்து, புருஷன் தஸ்நேவிஸ் மீன் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டியைக் கழுவித் துடைத்து, ஐஸை நொறுக்கிப் பரப்பி, நடுவில் ஒரு சின்ன மருந்துக் குப்பியைப் புதைத்து மூடினாள். குப்பிக்குள் கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிசாக, கரும்பழுப்பு நிறத்தில், ஒரு தேக்கரண்டி விதை இருந்தது.

அந்த விதை ஜெர்மனியிலிருந்து வந்தது. ஜெசிந்தாளின் தங்கை பியாற்றீஸ் கன்னியாஸ்திரியாகி அங்கே ஒரு மடத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புயலுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டையோடு பூனைப் படம் போட்ட ஒரு காகித உறையையும் அனுப்பி, இது புதினா சாதிச் செடி, எங்கே இருக்கிற பூனையும் வாசம் பிடித்து வந்து விழுந்து புரளும், அத்தானின் சுக்கானுக்கு வளர்த்துக் கொடு என்று எழுதியிருந்தாள். வளர்க்கும் விதத்தையும் எழுதியிருந்தாள். விதை இரண்டு நாள் குளிரில் கிடக்க வேண்டும், ஒரு குளிர்காலம் வந்து போய்விட்டது என்று அதற்குத் தோன்ற வேண்டும், அப்போதுதான் தோல் இளகும். அப்புறம் ஒரு நாள் தண்ணீரில் ஊற வேண்டும். அப்புறம் மண்ணின் மேலாகத் தூவி மூடியும் மூடாமலும் விட வேண்டும், ஆழமாகப் போட்டால் வெளிச்சம் காணாமல் செத்துவிடும். அன்றைக்கு அதைப் படித்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூனைக்குத் தோட்டம் போடுகிற காலம் வந்துவிட்டதே என்று தஸ்நேவிஸ் அந்த உறையை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

சுக்கான் அவனுடைய வள்ளத்துப் பூனை. வலையைக் கடிக்கிற எலிக்காக வள்ளத்துக்கு ஒரு பூனை வைத்துக்கொள்வது அந்தத் துறையின் வழக்கம்தான் என்றாலும், சாம்பல் உடம்பில் கறுப்பு வரி ஓடி, இடது காது பாதி கிழிந்த இந்தக் கடுவன் தஸ்நேவிஸ் ஏறாத வள்ளத்தில் ஏறாது, அது ஏறாத வள்ளத்தில் தஸ்நேவிஸும் ஏற மாட்டான். பிரகாசி என்று முகப்பில் எழுதிய அந்த வள்ளத்தில் புயலுக்கு முந்தின நாள் ஐந்து ஆட்களும் ஒரு பூனையும் போயிருந்தார்கள். தஸ்நேவிஸ், அவன் சிற்றப்பன் மகன் லாசர், சூசை மரியானின் மகன்கள் இரண்டு பேர், தெற்குத் தெருக் கித்தேரியான்.

எழுபத்திரண்டு நாளும் ஜெசிந்தாள் செய்யாதது ஒன்றும் இல்லை. முழங்காலில் நடந்து பீடம் வரைக்கும் போனாள், முடி இறக்கினாள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மற்றப் பெண்களோடு அவன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் அவன் முதுகு மச்சத்தைச் சொன்னாள். தேடுவதை நிறுத்தியாயிற்று என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, விழுந்து அழுவதற்குக்கூட ஒரு தீர்மானம் இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளுக்கு அந்த யோசனை வந்தது. கடவுளும் கவர்மெண்டும் கப்பலும் எல்லாரும் மனிதர்களைத்தான் கூப்பிட்டார்கள், பூனையை யாரும் கூப்பிடவில்லை. மனிதன் கடலில் வழி தப்புவான், பூனை தன் வீட்டை விடாது. பூனை வந்தால் அதன் பின்னால் அவன் வருவான். அவ்வளவுதான் அவள் கணக்கு. அதில் ஓட்டை இருப்பது அவளுக்கும் தெரியும், ஆனால் கையில் வேறு ஒன்றும் இல்லை.

ஊர் மண் உப்பு மணல். அவள் இரண்டு மைல் நடந்து தேரிக்காட்டுச் செம்மண் சுமந்து வந்து, ஆட்டுப் புழுக்கை கலந்து, பாதியாக அறுத்த தண்ணீர்க் கேனில் நிரப்பி, அடியில் ஓட்டை போட்டுப் பூவரசு நிழலில் வைத்தாள். குளிரில் கிடந்து நீரில் ஊறிய விதையை விரல் நுனியால் தூவினாள். கோழி கிளறாமலிருக்கக் கிழிந்த வலையைக் கவிழ்த்தாள். காலையும் மாலையும் கையில் தண்ணீர் மொண்டு விரலிடுக்கு வழியே தெளித்தாள். ஒன்பதாம் நாள் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சை தெரிந்தது. அன்றைக்குத்தான், புயலுக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் அடுப்பில் உலை வைத்தாள்.

செடி வளர்ந்தது. இலைகள் ஓரத்தில் அரம் போல வெட்டு விழுந்து, மேலே பூனைக் காதில் இருக்கிற மாதிரி மென்சாம்பல் ரோமத்தோடு, நெஞ்சு வடிவத்தில் விரிந்தன. ஆனால் ஊர்ப் பூனைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இலை கசங்காத வரை அதற்கு வாசமே இல்லை. அது அவளுக்குத் தெரியாமல், விதை ஏமாற்றிவிட்டது என்று எண்ணி எண்ணித் தேய்ந்துபோனாள். நாற்பதாம் நாள் வேர் இடம் பற்றாமல் போனதால் பெரிய கேனுக்கு மாற்றி நடும்போது ஒரு காம்பு அவள் உள்ளங்கையில் நசுங்கியது. புதினாவும் நாரத்தைத் தோலும் மழைக்கு முந்தின மண்ணும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் எழுந்து, பூவரசைத் தாண்டி, கருவாடு காய்கிற மணலைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் போனது.

பகல் மூன்று மணி இருக்கும். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தபோது கடல்மேல் ஒரு பூனை நடந்து வந்துகொண்டிருந்தது. தெருவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் பூனை ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறி வைக்குமே, அப்படி அலை அலையாகப் பார்த்துக் கால் வைத்து வந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்புத் திட்டு. அது சலேத்து மாதா வள்ளத்துப் பூனை என்று ஒருத்தி சொன்னாள். ஆமாம் என்றாள் இன்னொருத்தி. கருவாடு மறுபுறம் காயாமல் போய்விடுமே என்று பாதியில் விட்ட வேலையை முடித்துவிட்டுத்தான் அவர்கள் அதன் பின்னால் போனார்கள்.

பூனை நேராக ஜெசிந்தாள் வீட்டுக்கு வந்து, கீழே விழுந்து கிடந்த காம்பில் முகத்தைத் தேய்த்து, மல்லாந்து புரண்டு, எச்சில் ஒழுக ஒரு மூச்சு மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்தது. பிறகு சலேத்து மாதாவில் போன நாலு பேரின் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஆள் எந்த இடத்தில் படுப்பானோ அந்த இடத்தில் சுருண்டு படுத்துச் சற்றுக் கண்ணை மூடியது. அது படுத்ததும் அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, பூனையும் கத்தவில்லை, ஆனால் ஒரு வீட்டில் தாய்க்காரி மகனுக்கென்று எடுத்து வைத்த சோற்றை எடுத்துக் காக்கைக்குப் போட்டாள், இன்னொரு வீட்டில் பெண்டாட்டி எழுந்து போய்ச் சேலை மாற்றினாள். இருட்டுவதற்குள் நாலு வீட்டிலும் ஒப்பாரி எழுந்தது. மறுநாள் விடிந்ததும் பூனை வந்த வழியே கடலில் நடந்து போயிற்று. நாலாம் நாள், சலேத்து மாதாவின் பலகை ஒன்றும், கழுத்தில் உத்தரியம் என்கிற மாதா படத் துணிப்பதக்கம் கிடந்த ஓர் உடலும் மேற்குக் கரையில் ஒதுங்கியதாகச் செய்தி வந்தது.

அன்றைக்குத்தான் ஜெசிந்தாளுக்குப் புரிந்தது. புருஷனைக் கூப்பிடுவதற்கென்று அவள் வளர்த்த செடி சாவைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது. அவள் மூன்றடுக்கு வலை போட்டுச் செடியை மூடினாள். தண்ணீர் ஊற்றும்போது இலையில் கை படாமல் ஒரு குழாய்த்துண்டை வேரோரம் செருகி அதன் வழியே ஊற்றினாள். பிடுங்கி எறிந்துவிடலாம் என்று இரண்டு தடவை குனிந்தாள். பிடுங்கினால் இலை நசுங்கும், நசுங்கினால் வருவது சுக்கானாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு தடவையும் நிமிர்ந்துவிட்டாள்.

ஆனால் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது வள்ளமான மிக்கேல் சம்மனசில் மகனைக் கொடுத்தவர்கள், தம்பியைக் கொடுத்தவர்கள், முன்னொரு காலத்துப் புயல்களில் ஆளைக் கொடுத்துவிட்டு இன்னும் கொடியில் சட்டை காயப்போட்டு மடித்து வைக்கிறவர்கள், எல்லாரும் அவள் வாசல் மணலில் உட்கார்ந்து ஓர் இலை கேட்டார்கள். சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை, வெறுமனே எட்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள். எந்த இலைக்கு எந்த வள்ளத்துப் பூனை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, சுக்கானே வந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று ஜெசிந்தாள் உள்ளேயிருந்து கேட்டாள். எட்டாம் நாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினாள்.

வந்தது பதினொரு வருஷத்துக்கு முன்னால் போன வள்ளத்துப் பூனை, செவலை நிறம். அது நேரே அக்னேசாள் வீட்டுக்குப் போய்க் கதவோரம் படுத்தது. அந்த வள்ளத்தில் போனவன் திரும்ப வேண்டும் என்று பதினொரு வருஷமாகக் கவிச்சி தொடாமல், வெறும் கஞ்சியும் துவையலுமாக நேர்ச்சை காத்தவள் அக்னேசாள். பூனையைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டில் போய் நாலு சாளை மீன் வாங்கி வந்து, குழம்பு வைத்து, தட்டு நிறையச் சோறு போட்டு, அழுதுகொண்டே தின்றாள். தின்று முடித்து அன்று பகல் முழுக்கத் தூங்கினாள். அவள் குறட்டை தெருவில் கேட்டது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியாக அது ஊரின் வழக்கமாகிப்போயிற்று. பங்குச்சாமி முதல் ஞாயிறு பிரசங்கத்தில் இது வீண் நம்பிக்கை என்றார். இரண்டாம் ஞாயிறு வேறு எதையோ பேசினார். மூன்றாம் ஞாயிறு, பூசை நேரத்தில் இலை கிள்ள வேண்டாம் என்றும், பூனை கோவிலுக்குள் வந்தால் யாரும் விரட்ட வேண்டாம் என்றும் அறிவித்தார். இலை கிள்ளுகிற நாளில் ஊர்ப் பூனைகளைக் கூடை போட்டுக் கவிழ்த்துவைக்க வேண்டும் என்று துறைக் கமிட்டி முடிவு செய்தது, இல்லாவிட்டால் எது வந்தது எது இருந்தது என்று குழப்பமாகிறது. பெட்டி செய்கிற ஆசாரி, உடல் இல்லாத சாவுக்கென்று, சட்டையும் வேட்டியும் வைக்கிற அளவில் சின்னப் பெட்டிகள் செய்து அடுக்கினார். தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து, பூனை வந்த ஒரு நாள் முழுக்க அதன் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு நடந்து, பூனை கடல் வழியாக வந்தது மெய், அதனிடம் வாக்குமூலம் பெற வழியில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்தக் காகிதத்தை வைத்து யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கல்லாந்துறையில் ஜனங்கள் தூங்கத் தொடங்கினார்கள்.

ஜெசிந்தாள் தூங்கவில்லை. ஒவ்வொரு இலைக்கும் அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து, நடந்து நெருங்கி, நிறம் தெரிகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்க மாட்டாள். கறுப்பு என்றால், செவலை என்றால், வெள்ளை என்றால், அப்படியே மணலில் உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்கள் அழுகிற நேரத்தில் தனக்குச் சந்தோஷம் வருவதை அவளால் மறைக்க முடியவில்லை, அதை அவர்களும் பார்த்தார்கள். அவள் மேல் அவர்களுக்கு நன்றியும் இருந்தது, கோபமும் இருந்தது. சிலர் அவளுக்கு மீன் கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

தவக்காலம் முடிவதற்குள் மிக்கேல் சம்மனசின் பூனையும் வந்து போயிற்று. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, காணாமல் போன வள்ளங்களையும் அவற்றில் இருந்த பூனைகளையும் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்லிப் பார்த்தார்கள். இனி வர வேண்டியது பிரகாசியின் சுக்கான் ஒன்றுதான். அதற்கப்புறம் ஜெசிந்தாள் வாசலில் இலை கேட்டு யாரும் உட்காரவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவர்கள்கூடச் சுற்று வழியாகப் போனார்கள். செடி யாரும் கிள்ளாமல் இடுப்பு உயரத்துக்குத் தழைத்து, நுனியில் ஊதாப் புள்ளி வைத்த வெள்ளைப் பூக்கள் பூத்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் மெற்றில்டா வந்தாள். லாசரின் பெண்டாட்டி. இருபத்துமூன்று வயசு. புயலடித்தபோது ஆறு மாசம். தை மாசம் பெண்குழந்தை பிறந்து, அதற்குப் பெயர் வைக்க அப்பன் வரட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டதால், பெயர் இல்லாமலே அது மூன்று மாசமாகக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வலைக்கு வெளியே நின்றாள்.

"மைனி, ஒரு எலை தாங்க" என்றாள்.

ஜெசிந்தாள் தர முடியாது என்றாள். நம்ம ஆளுகள் எங்கேயோ கரை ஏறியிருப்பாவ, பூனை வராத வரைக்கும் அவியளுக்கு ஒன்றும் இல்லை, நீயா எதற்கு அபசகுனமாக வாய் வைக்கிறாய் என்று கேட்டாள்.

மெற்றில்டா குரலை உயர்த்தவில்லை. "வந்தா எனக்கு வேண்டாம்னா இருக்கு? எனக்கு ஒருக்கா அழணும் மைனி. அழுதா அபசகுனம்னு அத்தை வாயைப் பொத்துதாவ. சிரிச்சா ஊரு பாக்குது. சாமியார் பூசைக்குப் பேரு கேக்காவ, உசுரோட இருக்கவங்க பக்கம் எழுதவா, செத்தவங்க பக்கம் எழுதவான்னு. எனக்குப் பாலு வத்திப்போச்சு. இந்தப் பிள்ளைக்கு அப்பன் எங்கன்னு நான் என்ன சொல்லிக் குடுப்பேன்?"

ஜெசிந்தாளால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்தது தஸ்நேவிஸ் ஒருவன்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

சாத்திய கதவுக்கு உள்ளே சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். வெளியே பிள்ளை அழுதது. சிணுங்கலாகத் தொடங்கி, வீறிட்டு, அப்புறம் மூச்சுப் பிடித்துப் பிடித்து அழுதது. தாய் தேற்றுகிற சத்தம் ஏன் கேட்கவில்லை என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, பிள்ளை பூவரசு நிழலில் துண்டில் கிடந்தது, மெற்றில்டா கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, தள்ளாடவில்லை, கடைக்குப் போகிறவள் மாதிரி போய்க்கொண்டிருந்தாள். முழங்கால் நனைந்து, இடுப்பு நனைந்து, முதல் அலை அவள் தோளில் அடித்தபோது ஜெசிந்தாள் போய்ச் சேர்ந்து அவள் கூந்தலைப் பிடித்தாள். இரண்டு பேரும் தண்ணீரில் கட்டிப் புரண்டார்கள். மெற்றில்டா கடித்தாள், கீறினாள், விடுங்க மைனி என்று ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். கடைசியில் இரண்டு பேரையும் அலையே தூக்கி மணலில் போட்டது.

கொஞ்ச நேரம் இரைத்துக்கொண்டு கிடந்தார்கள். பிறகு ஜெசிந்தாள் எழுந்தாள், அவளையும் கையைப் பிடித்து எழுப்பினாள், பிள்ளையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். மூன்றடுக்கு வலையையும் உருவிப் போட்டாள். ஓர் இலை கிள்ளவில்லை. ஒரு கிளையையே முறித்து இரண்டு கையாலும் பிழிந்தாள், முழங்கை வரை பச்சைச் சாறு வழிகிற வரைக்கும் பிழிந்தாள். இத்தனை நாள் அடைந்து கிடந்த வாசம் ஊரையே தூக்கிற்று. வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஊசியை வைத்துவிட்டு எழுந்து கரைக்கு வந்தார்கள்.

சுக்கான் வந்தது. சாம்பல் உடம்பு, கறுப்பு வரி, கிழிந்த காது. கரையேறி, மணலில் ஒரு தடவை உடம்பை உதறி, ஜெசிந்தாளின் பாதத்தை மோந்துவிட்டு, செடியில் போய்ப் புரண்டது. அது எழுந்து முதலில் சூசை மரியான் வீட்டுக்குப் போய், அண்ணனும் தம்பியும் படுக்கிற இரண்டு இடத்திலும் மாறி மாறிப் படுத்தது. தெற்குத் தெருவில் கித்தேரியானின் கட்டிலில் படுத்தது. பிறகு லாசரின் வீட்டுக்குள் போயிற்று. மெற்றில்டா அழுத அழுகையில் தெருவில் நின்ற ஆண்களெல்லாம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு மாசத்து அழுகை. அழுது முடித்து அவள் பிள்ளையை மார்போடு சேர்த்தபோது பால் இறங்கிற்று என்று பிற்பாடு பெண்கள் சொன்னார்கள்.

ஜெசிந்தாள் முன்கூட்டியே தன் வீட்டுக்குப் போய், கதவை விரியத் திறந்து வைத்து, தஸ்நேவிஸ் படுக்கிற ஜன்னலோரத்தில் பாயை விரித்துவிட்டு, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வரட்டும். இத்தனை வீட்டுக்கும் வந்தது தன் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போகட்டும். அழுதுவிடலாம் என்று இருந்தது அவளுக்கு. சுக்கான் வாசல்வரை வந்தது. நிலைப்படிக்கு வெளியே முன்னங்காலை மடக்கி உட்கார்ந்து, உள்ளே பார்த்தது. உள்ளே வரவில்லை.

அவள் காத்திருந்தாள். வா என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டு மீன் வாங்கி வந்து நிலைப்படியிலிருந்து பாய்வரைக்கும் துண்டு துண்டாக வைத்தாள். அது மீனை மோந்துகூடப் பார்க்கவில்லை. அவள் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். நிலையைத் தாண்டும்போது கையில் கனமே இல்லை, குனிந்து பார்த்தால் பூனை பழையபடி வெளியே உட்கார்ந்திருந்தது. ஏழு தடவை தூக்கினாள். ஏழாவது தடவை, இத்தனை மாசமாக எது வந்துவிடக் கூடாது என்று மூன்றடுக்கு வலை போட்டு மூடினாளோ, அதன் முன்னால் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்து, உள்ளே வந்து படு, ஒரு நொடி படு, எனக்கும் முடிந்துபோகட்டும் என்று கேட்டாள். பூனை அவள் தலைமுடியை நக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்தது. மெற்றில்டா தன் வீட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது வீங்கிய முகம், ஆனால் முகம் என்று ஒன்று திரும்பி வந்திருந்தது. பூனை எல்லா வீட்டிலும் படுத்துவிட்டு இங்கே மட்டும் படி ஏறாததன் பொருளை ஊர் அதற்குள் பேசி முடித்திருந்தது.

"அண்ணன் உசுரோட இருக்காவ மைனி" என்றாள்.

ஜெசிந்தாள் கடலைப் பார்த்தாள். தெற்கேயும் கிழக்கேயும், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரு பாய் இல்லை, ஒரு பறவை இல்லை.

"எங்கட்டி?" என்று கேட்டாள்.

அதை ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை. துறை முழுக்க அழுது ஓய்ந்துவிட்டது, இனிக் காத்திருக்க ஜெசிந்தாள் ஒருத்திதான் பாக்கி. இதுவரைக்கும் காத்திருப்பதற்காவது கூட்டம் இருந்தது. அவள் நிலைப்படிக்கு வெளியே பூனை பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். அதன் உடம்பில் சூடு இருந்ததா இல்லையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

விடிந்ததும் சுக்கான் எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தது. இதுவரை வந்த பூனைகளெல்லாம் நேர் கிழக்கே, ஆழக் கடலுக்குத்தான் போயிருந்தன. சுக்கான் பத்துப் பாகத் தூரம் கிழக்கே நடந்தது, நின்றது, திரும்பி ஜெசிந்தாளைப் பார்த்தது. பிறகு தெற்கே திரும்பி, கரைக்கு இணையாகக் குமரி முனைப் பக்கம் நடக்கத் தொடங்கியது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் இறங்கினாள். கழுத்தளவு தண்ணீருக்கு மேல் அவளால் போக முடியவில்லை. திரும்பி வந்து, கரையில் நின்ற ஆண்களைப் பார்த்து, ஒரு வள்ளம் தாருங்கள், நான் அதன் பின்னால் போக வேண்டும் என்றாள். யாராவது போய்ப் பார்த்து வருகிறோம், பெண்பிள்ளை வள்ளத்தில் ஏறுகிற வழக்கம் இந்தத் துறையில் இல்லையே என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் தன் குரல் தனியாகக் கேட்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

சூசை மரியான் முன்னால் வந்தார். அறுபத்தைந்து வயசு. முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மகன்களின் சாவையும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டவர். அவர் கண்ணில் இன்னும் ஒரு சொட்டு வந்திருக்கவில்லை.

"ரெண்டு பேரு சட்டையும் எடுத்துப் பெட்டி மேல வச்சிருக்கேன்" என்றார். "அது நாளைக்கும் அங்கதான் கெடக்கும். நீ ஏறும்மா."

அவருடைய சின்ன வள்ளத்தைத் தள்ளினார்கள். பங்குச்சாமி அடக்கப் பூசைக்கென்று உடுத்திய உடுப்போடு வந்து வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் கை வைத்துத் தள்ளினார். மெற்றில்டா பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் வந்து தள்ளினாள், முந்தின நாள் அவள் எதற்கு அங்கே இறங்கினாள் என்பது அவளுக்கும் ஜெசிந்தாளுக்கும் மட்டும் தெரியும். யாரோ ஒருத்தி குடிதண்ணீர்க் கேனையும் ஒரு பொட்டலம் அவலையும் உள்ளே போட்டாள். எஞ்சின் சத்தத்துக்குப் பூனை மிரண்டுவிடும் என்று சூசை மரியான் துடுப்பையே எடுத்துக்கொண்டார்.

வள்ளம் முதல் அலையில் ஏறி இறங்கியபோது ஜெசிந்தாள் அணியத்தில் குப்புறப் படுத்துப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கடலோரத்தில் பிறந்து கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவள், கடலுக்குள் அது முதல் தடவை. பின்னால் கரையிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் திரும்பவில்லை. தூரத்தில் அலைக்கு அலை மறைந்து மறைந்து தெரிந்த அந்தச் சாம்பல் புள்ளியை விட்டு ஒரு கணம் கண்ணை எடுத்தாலும் அப்புறம் அந்தத் தண்ணீரில் எந்தப் பக்கம் போவது என்று சொல்ல யாரும் இல்லை. "இன்னும் கொஞ்சம் எட்டி வலிங்க மாமா" என்றாள்.